கழிவுத் தொட்டி வால்வு கசிந்தால்

டம்ப் ஸ்டேஷனில் ஹோஸ் மாட்டுவதற்காக மூடியைத் திருகுகிறீர்கள். மூடி கழன்றதும் கலங்கிய தண்ணீர் குபுக்கென்று செருப்பில் கொட்டுகிறது. குனிந்து பார்த்தால் இரண்டு கைப்பிடிகளும் முழுக்க உள்ளே தள்ளித்தான் இருக்கின்றன. வால்வுகள் மூடியிருக்கின்றன, ஆனாலும் தண்ணீர் வந்துவிட்டது. பழைய டிராவல் டிரெய்லர் வாங்கியவர்கள் பலருக்கும் இது பழக்கமான காட்சி. வால்வு போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான் என்று நேராகக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. எந்த வால்வு கசிகிறது, ஏன் கசிகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம் என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்க வற்புறுத்தப் போகிறேன். அழுக்கு சிக்கியதால் கசியும் வால்வைக் கழற்றி மாட்டுவது வீண் வேலை. கேபிள் தளர்ந்ததால் கசிகிறது என்றால், புது வால்வும் அடுத்த வாரமே கசியும்.

வால்வுக்குள் என்ன இருக்கிறது

சாதாரண டிரெய்லரில் கழிவுத் தொட்டிகள் இரண்டு. கழிப்பறைக் கழிவு விழுவது பிளாக் டேங்க். சமையலறை சிங்க், கை கழுவும் பேசின், ஷவர் ஆகியவற்றின் தண்ணீர் சேர்வது கிரே டேங்க். பெரிய வண்டிகளில் சமையலறைக்கென்று இன்னொரு கிரே டேங்க் தனியாக இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 30 முதல் 40 கேலன் கொள்ளும். லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 115 முதல் 150. ஒவ்வொரு தொட்டியின் குழாயும் அதனதன் வால்வைத் தாண்டி வந்து ஒன்றாகச் சேர்ந்து, 3 அங்குல வாய் ஒன்றில் முடிகிறது. நாம் மூடி போடுவது அந்த வாய்க்கு. பிளாக் டேங்க் வால்வு 3 அங்குலம். கிரே டேங்க்குக்குப் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம். சில வண்டிகளில் அதுவும் 3.

வட அமெரிக்காவில் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்து எல்க்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. மேலே எழுதியிருக்கும் பெயர் எதுவானாலும், அடியில் இருக்கும் வால்வு அநேகமாக ஒரே ரகம்தான்: வால்டெராவின் பிளேடெக்ஸ், அல்லது அதன் சாயலில் வேறொன்று. அதனால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

அமைப்பு எளிமையானது. இரண்டு குழாய் வாய்களுக்கு நடுவே தட்டையான பிளாஸ்டிக் கூடு, அதற்குள் ஒரு மெல்லிய தகடு. கைப்பிடியை இழுத்தால் தகடு விலகும், தள்ளினால் குறுக்கே வந்து அடைக்கும். தகட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு ரப்பர் சீல். நான்கு போல்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். தகட்டின் முனை கடைசியாகப் போய் உட்காரும் இடத்தில் ஒரு காடி இருக்கிறது. பெரும்பாலான கசிவுகள் தொடங்குவது அந்தக் காடியில்தான்.

தொட்டியில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் வால்வின் மேல் விழும் அழுத்தம் அரை பிஎஸ்ஐகூட வராது. குடிதண்ணீர்க் குழாயில் ரெகுலேட்டர் விடுவது 40, 50 பிஎஸ்ஐ. அதில் நூற்றில் ஒரு பங்கைத்தான் இந்த வால்வு தாங்குகிறது. இவ்வளவு சின்ன அழுத்தத்தை அடைக்க இறுக்கம் தேவையில்லை. சுத்தமும் வழவழப்பும் போதும். கசிகிறதே என்று நான்கு போல்ட்டுகளையும் பலங்கொண்ட மட்டும் முறுக்குவதால் பிளாஸ்டிக் கூடு நசுங்கும், தகடு நகர மறுக்கும், கசிவு மட்டும் அப்படியே இருக்கும்.

இது கசிவுதானா, எதிலிருந்து?

மூடியைக் கழற்றியதும் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் அதை உடனே கசிவென்று எண்ண வேண்டாம். வால்வுக்கும் வாய்க்கும் நடுவில் இரண்டடிக் குழாய் இருந்தால் அதுவே கிட்டத்தட்ட 3 லிட்டர் கொள்ளும். போன முறை கடைசிச் சொட்டு இறங்குவதற்குள் கைப்பிடியைத் தள்ளியிருந்தாலோ, வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றிருந்தாலோ அதில் ஒரு குவளை தங்கிவிடும். அதை வாளியில் பிடித்துவிட்டு, குழாயின் உட்புறத்தைக் காகிதத் துண்டால் துடைத்து உலர்த்துங்கள். மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். மறுபடி கழற்றும்போது உலர்ந்தே இருந்தால் வால்வில் குறையில்லை. ஈரம் மறுபடி சேர்ந்திருந்தால் அது கசிவு.

அடுத்த கேள்வி, எந்தத் தொட்டி? நாற்றத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பருப்பும் பாலும் புளித்த கிரே டேங்க், பல நேரம் பிளாக் டேங்க்கைவிட மோசமாக நாறும். நம்பகமான வழி சாயம். இரண்டு தொட்டிகளையும் காலி செய்து அலசிவிட்டு, இரண்டு வால்வுகளையும் மூடுங்கள். கேக்குக்குப் போடும் நீலச் சாயத்தைத் தண்ணீரில் கலக்கி சிங்க்கில் ஊற்றிப் பாதித் தொட்டி நிரப்புங்கள். கழிப்பறையில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். வாய்க்கு அடியில் வெள்ளை பேசின் ஒன்றை வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். நீலமா, சிவப்பா, இரண்டும் கலந்த ஊதாவா என்பதைப் பேசினே சொல்லிவிடும். கடையில் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் முழங்கை கிடைக்கிறது. அதை வாயில் மாட்டி டார்ச் அடித்தால் எந்தக் கிளையில் சொட்டு இறங்குகிறது என்றே பார்க்கலாம். விலை குறைவு, தொட்டி அலசும்போதும் பயன்படும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொட்டு குழாய் வாயில் வராமல் வால்வுக் கூட்டுக்கு வெளியே, போல்ட் இருக்கும் விளிம்பில் வந்தால் கதை வேறு. அங்கே சீல் மடிந்திருக்கலாம், போல்ட் தளர்ந்திருக்கலாம், பனியில் கூடு விரிசல் விட்டிருக்கலாம். குழாய் ஒட்டிய இடம் பிரிந்திருந்தாலும் தண்ணீர் வழிந்து வந்து வால்வின் அடியில்தான் சொட்டும். எனவே துடைத்துவிட்டு மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

அடிப்பாகம் முழுக்கப் பிளாஸ்டிக் பலகையால் மூடிய வண்டிகளில் இதைப் பார்க்கவே வழியிருக்காது. பலகை ஓரிடத்தில் தொப்பை போலத் தொங்கினால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. அது கழிவு நீர் என்று முடிவு செய்வதற்கு முன், நிறமும் மணமும் இல்லாத தெளிந்த தண்ணீரா என்று பாருங்கள். தெளிந்ததாக இருந்தால் குடிதண்ணீர்க் குழாயையோ, பிளாக் டேங்க் அலசுவதற்காகப் பக்கச் சுவரில் வைத்திருக்கும் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். வால்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அழுக்கு என்றால்

கழிப்பறைக் காகிதம் ஒரு துணுக்கு காடியில் சிக்கினால் போதும், தகடு முழுவதும் உட்காராது. கைப்பிடியைத் தள்ளும்போது கடைசி அரை அங்குலம் மெத்தென்று எதிர்த்து நின்றால் அதுதான் காரணம். சுத்தமான வால்வு டக்கென்று போய் நிற்கும். அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

டம்ப் ஸ்டேஷனில் ஹோஸ் மாட்டிய நிலையில் தொட்டியை முக்கால்வாசி நிரப்பி, வால்வை ஒரே இழுப்பில் முழுக்கத் திறந்துவிடுங்கள். பாய்ந்து வரும் தண்ணீர் காடியைக் கழுவிக்கொண்டு போகும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கைந்து முறை மூடித் திறங்கள். பாதித் தொட்டித் தண்ணீரில் இதைச் செய்து பயனில்லை, வேகம் வராது. தீரவில்லை என்றால் வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தொட்டியில் ஊற்றி, வண்டியை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி திறந்துவிடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், பிளாஸ்டிக் தாங்காது. பிளீச் ஊற்றுவதும் வேண்டாம். சிறுநீர் தேங்கிய தொட்டியில் பிளீச் விழுந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

நம் வீட்டுச் சமையல் செய்கிறவர்கள் கிரே டேங்க் வால்வை இன்னும் கவனிக்க வேண்டும். சோற்றுப் பருக்கை, கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, புளிச் சக்கையின் நார் எல்லாம் ஒன்றரை அங்குல வால்வின் காடிக்குப் போதுமான அடைப்பு. அவற்றைவிடத் தொல்லை தருவது தேங்காய் எண்ணெய். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். ஒண்டாரியோவிலோ மிச்சிகனிலோ கோடை இரவில்கூட வண்டியின் அடியில் அவ்வளவு வெப்பம் இருப்பதில்லை. தாளித்த சட்டியைச் சூட்டோடு கழுவி ஊற்றிய எண்ணெய் குழாயில் இறங்கி, வால்வை எட்டியதும் வெண்மெழுகாகப் படிகிறது. பருக்கைகள் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. சட்டியைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். சிங்க்கின் வாயில் கண்ணி நெருக்கமான வடிகட்டி ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஏற்கெனவே படிந்திருந்தால் வெந்நீரும் பாத்திரத் திரவமும் மேலே சொன்ன முறையில் இரண்டு மூன்று தடவை போட்டால் கரைந்து வந்துவிடும்.

அலசியதும் கசிவு நின்று, ஆனால் கைப்பிடி மட்டும் கனமாகவே இருந்தால், கம்பியை முழுக்க வெளியே இழுத்துத் துடைத்து அதில் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். வால்வுக்கென்று விற்கும் வழவழப்புத் திரவத்தைத் தொட்டிக்குள்ளும் ஊற்றலாம். பெட்ரோலிய கிரீஸ் மட்டும் தொடவே கூடாது. ரப்பரை உப்ப வைத்துவிடும்.

கேபிள் என்றால்

தொட்டி வண்டியின் நடுவிலும் கைப்பிடி ஓரத்திலும் இருக்கும் டிரெய்லர்களில் இரண்டையும் இணைப்பது கேபிள். கைப்பிடி முழுக்க உள்ளே போயிருக்கும், தகடு மட்டும் விரல் அகலம் திறந்தே நிற்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு வால்வு மூடியது போலவே தோன்றும். அடிப்பலகையின் திருகுகளைக் கழற்றி ஒரு பக்கம் தாழ்த்தி, ஒருவர் கைப்பிடியைத் தள்ள இன்னொருவர் வால்வில் உள்ள கம்பியைப் பாருங்கள். வால்வு முனையில் கேபிளைப் பிடித்திருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, தகட்டைக் கையால் முழுக்கத் தள்ளி மூடி, கைப்பிடியும் முழுக்க உள்ளே இருக்கும் நிலையில் திருகை மறுபடி இறுக்கினால் சரியாகிவிடும். உறையில் துரு ஏறியிருந்தாலோ, கேபிள் கூர்மையாக மடிந்திருந்தாலோ சரிப்படுத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்; புதுக் கேபிள் போடுங்கள். புதியதைக் கொண்டுபோகும்போது வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

அலசியும் நிற்கவில்லை, கேபிளிலும் குறையில்லை என்றால் சீல் தேய்ந்திருக்கிறது, அல்லது தகடு கீறலோ வளைவோ கண்டிருக்கிறது. வால்வும் இரண்டு சீல்களும் நான்கு போல்ட்டுகளும் சேர்ந்த பொட்டலமாகவே கடையில் கிடைக்கும். சீலை மட்டும் வாங்கி மிச்சம் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் படுத்துக் கழற்றும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

தொட்டியைக் காலி செய்து, வரும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். வால்வு இருக்கும் பக்கத்துச் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினால், மிச்சத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடும். மூலைகளில் இருக்கும் ஸ்டெபிலைசர் ஜாக்கிகள் வண்டி ஆடாமல் இருப்பதற்கு மட்டுமே. அவற்றை வைத்து வண்டியைத் தூக்கக் கூடாது. ஜாக்கியால் தூக்க வேண்டியிருந்தால் சட்டத்தின் அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் உள்ளே நுழையாதீர்கள். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எவ்வளவு அலசினாலும் வால்வு பிரியும்போது கொஞ்சம் கொட்டும், அதுவும் முகத்துக்கு நேராக. அடியில் அகலமான பேசின் இருக்கட்டும்.

போல்ட்டுக்குப் பெரும்பாலும் 7/16 அங்குல ஸ்பேனர் சேரும். துருப்பிடித்துச் சுற்றினால் அறுத்து எடுங்கள். புதியவைதான் கையில் இருக்கின்றனவே. போல்ட்டுகள் வந்த பிறகும் வால்வு தானாக விழாது, சீல் ஒட்டிப் பிடித்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் நுழைத்து மெல்ல நெம்புங்கள். குழாய் இரண்டு பக்கமும் கொஞ்சம் விலகிக் கொடுத்தால்தான் வால்வு நழுவி வரும். விலகவே இடமில்லாதபடி குழாயை முட்டிப் பொருத்தியிருந்தால், பக்கத்தில் குழாயைத் தாங்கும் பட்டையைத் தளர்த்திப் பாருங்கள். இங்கே முரட்டுத்தனம் காட்டினால் தொட்டியில் குழாய் ஒட்டிய இடம் பிளந்துவிடும். அதைச் சரிசெய்வது வால்வு மாற்றுவதைப் போலப் பத்து மடங்கு வேலை.

பழைய சீலைப் பிய்த்து எடுப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முகம் குழாய் விளிம்பின் காடியில் உட்கார்ந்திருந்தது, எந்த முகம் வால்வைப் பார்த்திருந்தது என்பது பிறகு நினைவிருக்காது. விளிம்புகளை ஈரத் துணியால் துடையுங்கள். ஒட்டியிருக்கும் ரப்பர்ப் பிசிறைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். கத்தி போட்டால் கீறல் விழுந்து அதுவே புதுக் கசிவாகும். புது சீலில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகப் பூசி, விளிம்பில் சுற்றிலும் அழுத்தி உட்கார வையுங்கள். வால்வை மூடிய நிலையில் இரண்டு சீல்களுக்கும் நடுவே நேராக ஏற்றுங்கள். சாய்வாக ஏற்றினால் சீலின் உதடு மடிந்துகொள்ளும். மாற்றிய பிறகும் கசிகிறது என்று சொல்பவர்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் இந்த மடிப்பு. ஏற்றியதும் விரலைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் ரப்பர் புடைத்திருந்தால் வெளியே எடுத்து மறுபடி ஏற்றுங்கள்.

போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கையால் இறுகிய பிறகு ஸ்பேனரால் சிறு திருப்பம் போதும். இடையிடையே கைப்பிடியை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இறுக்க இறுக்கக் கைப்பிடி கனத்தால் அளவு மீறிவிட்டது, தளர்த்துங்கள். தொட்டியைச் சுத்தமான தண்ணீரால் நிரப்பி, மூடியைக் கழற்றி, வாய்க்கு அடியில் உலர்ந்த அட்டை ஒன்றை விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் அட்டையில் கறையில்லை என்றால் அடிப்பலகையை மாட்டலாம். பலகையை முதலிலேயே மாட்டிவிட்டு அப்புறம் சோதிப்பவர்கள் இரண்டு முறை கழற்ற நேரும்.

வெளியே இன்னொரு வால்வு

குழாய் வாயில் மூடிக்குப் பதிலாக மாட்டிக்கொள்ளும் 3 அங்குலத் திருகு வால்வு ஒன்று விற்கிறது. பயண நடுவில் கசிவு தொடங்கினால் இதைப் போல உதவும் பொருள் வேறில்லை. ஹோஸைப் பாதுகாப்பாக மாட்டிய பிறகு அதைத் திறந்தால் உள்ளே தேங்கியது நேராகக் குழிக்குப் போகும், கையில் படாது. உள்வால்வுகள் நன்றாக இருக்கும் வண்டியிலும் இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதை நம்பி உள்வால்வைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து. வெளிவால்வு மூடியிருக்க, கிரே டேங்க் வால்வைத் திறந்து வைத்திருந்தால், கசியும் பிளாக் டேங்க்கின் கழிவு கிரே டேங்க்குக்குள் ஏறும். அது நிறைந்தால் அடுத்து வருவது ஷவர் தரையில். வெளிவால்வு மூடியிருக்கும்போது உள்வால்வு எதுவும் திறந்திருக்கக் கூடாது.

குளிர்காலமும் அன்றாடப் பழக்கமும்

வால்வுக் கூட்டில் தேங்கிய தண்ணீர் உறைந்தால் கூடு வெடிக்கும். வண்டியை அடைக்கும் முன் இரண்டு தொட்டிகளையும் காலி செய்து, இளஞ்சிவப்பு நிற ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் ஒவ்வொன்றிலும் சில குவளை ஊற்றுங்கள். புரொபைலின் கிளைக்கால் வகையாக இருந்தால் சீலைக் கெடுக்காது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது நஞ்சு, அதை இங்கே பயன்படுத்தக் கூடாது.

கழிவுநீர் இணைப்பு உள்ள முகாமில் நின்றாலும் பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் ஓடிவிட, திடக்கழிவு மட்டும் தங்கி இறுகி, வால்வின் வாயை அடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறங்கள். முதலில் பிளாக், பிறகு கிரே, ஹோஸும் கழுவப்பட்டுவிடும். காலி செய்ததும் ஓரிரு கேலன் தண்ணீரைப் பிளாக் டேங்க்கில் ஊற்றிவிட்டுத்தான் கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும்.

பயணத்தின் நடுவே கசிவைக் கண்டுபிடித்து, பழுது பார்க்க வழியில்லாத நிலையில் இருந்தால், அருகில் உள்ள டம்ப் ஸ்டேஷனில் தொட்டியைக் காலி செய்து அலசி, மூடியையோ வெளிவால்வையோ இறுக்கி, வீடு திரும்பும்வரை முகாமின் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பிளாக் டேங்க் கழிவைத் தரையில் விடுவது சட்டப்படி குற்றம். கிரே டேங்க் தண்ணீரையும் பெரும்பாலான முகாம்கள் தரையில் விட அனுமதிப்பதில்லை. நீங்கள் கிளம்பிப்போன இடத்தில் அடுத்த நாள் வேறொரு குடும்பத்தின் குழந்தைகள் மண்ணில் உட்கார்ந்து விளையாடுவார்கள். ஒரு சொட்டும் அங்கே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.